முட்டையக்கா எழுதிய ‘உண்டு’

என் மனைவியைத் தேடி வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முட்டை கேட்டு வருகிறார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், "முட்டையக்கா வீடு அதுதான்" என்று யாரோ சொல்வதைக் கேட்டுவிட்டு, பையும் கையுமாக வாசலில் வந்து நிற்பார்கள். "ஒரு டஜன் கிடைக்குமா?" என்பார்கள். "கிடைக்கும். ஆனா எல்லாம் புழு முட்டை. கண்ணுக்குத் தெரியாது, பரவாயில்லையா?" என்பேன் நான். அப்புறம் அவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

அவள் கால்நடை மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். மாடு, ஆடு, பன்றி, முயல், கோழி என்று எது பின்பக்கம் எதைப் போட்டாலும் அது அவள் மேஜைக்கு வந்து சேரும். அதில் ஒரு துண்டை உப்பு நீரில் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, சின்னக் குழாயில் ததும்பத் ததும்ப ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடிவைப்பாள். கொஞ்ச நேரத்தில் புழு முட்டைகள் மேலே மிதந்து வந்து அந்தச் சில்லில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எந்த முட்டை எந்தப் புழுவுடையது என்று முட்டையின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குப் பார்த்த முட்டைகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். சாப்பிடும்போதும் பேசுவாள். முட்டையக்கா என்று பேர் வந்தது அதனால்தான்.

எங்கள் வீட்டு டீ வடிகட்டியின் பிடியில் ‘டீ மட்டும்’ என்று நானே சிவப்பு பெயின்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஆய்வகத்து வடிகட்டி ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை என்று அவள் சத்தியம் செய்கிறாள். இருக்கட்டும். நம் ஜாக்கிரதையில் நாம் இருப்போம்.

என் தொழில் அதுதான், எழுதுவது. போர்டு எழுதுகிறவன் நான். கடைப் பலகை, வண்டி நம்பர், ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ எல்லாம் நம் கைவேலை. எனக்குப் பொறுமை குறைவு. எழுத்தை அரைகுறையாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்களைக் கண்டால் சுத்தமாக ஆகாது. அப்படிச் சண்டைக்கு வந்த ஒருத்தியைத்தான் கல்யாணமும் செய்துகொண்டேன்.

அவள் முதலில் மனிதர்களுக்கான ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்தான் சேர்ந்தாள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எழுந்து அவளுக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். கடைசியில் பெரிய டாக்டரே ஒரு யோசனை சொன்னார். "உனக்கு ரத்தம் சரிப்படாதும்மா, சாணி பரவாயில்லையா?" பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டாள்.

அவள் வந்த புதிதில் ஆய்வகத்துக்கு ஒரு போர்டு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். ‘ஆய்வகம். சாணி மாதிரி இங்கே பெறப்படும்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பலகையோ சின்னது. மேல் வரியில் ‘ஆய்வகம்’ என்று பெரிதாகவும் அடுத்த வரியில் ‘சாணி மாதிரி’ என்று அதைவிடப் பெரிதாகவும் எழுதினேன். மிச்சத்தை இடம் இல்லாததால் அடியில் பொடி எழுத்தில் அடக்கினேன். மாட்டிய அன்றே மருத்துவமனைக்கு வந்த ஜனம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ‘ஆய்வகம் சாணி மாதிரி’ என்று மட்டும்தான் தெரிந்தது.

அவள் வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தாள். "ஏங்க, என் லேபைப் பார்த்தா உங்களுக்குச் சாணி மாதிரியா இருக்கு?"

"எழுதிக் கொடுத்தது நீங்க. நான் ஒரு எழுத்தும் கூட்டலை, குறைக்கலை."

"அறிவைக் கூட்டியிருக்கலாமே!"

போர்டை இலவசமாகத் திருத்திக் கொடுத்தேன். திருத்துகிற சாக்கில் தினம் போனேன். ஒரு போர்டுக்கு இத்தனை நாளா என்று அங்கே இருக்கிற கால்நடை டாக்டரம்மா கேட்கிற அளவுக்குப் போனேன். அப்புறம் நடந்ததை விலாவாரியாகச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். சேர்ந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தப் போர்டு விவகாரத்துக்குப் பிறகு அவளுக்கு எழுத்தில் ஒரு பயம் வந்துவிட்டது. அறிக்கையில் ஒரு சொல்லுக்கு மேல் எழுத மாட்டாள். புழுவின் பேரை எழுதி, அதற்கு நேரே ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. அதோடு சரி. நீட்டி எழுதினால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், ஒற்றைச் சொல்லில் யாரும் குளறுபடி பண்ண முடியாது என்பது அவள் கட்சி. நானும் தலையாட்டினேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு மாவு மில் இருக்கிறது. மில்காரரின் புருவம், காது மடல், சட்டைப்பை எல்லாம் வெள்ளையாக இருக்கும். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத மனிதர். மில்லுக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தில் அவர் தங்கை ஆடு வளர்க்கிறார். கணவர் இறந்த பிறகு ரெண்டு ஆட்டுக்குட்டிகளோடு அண்ணனிடம் வந்தவர். இப்போது ஒரு கொட்டகை நிறையப் பால் ஆடுகள். பாதித் தெருவுக்கு அங்கிருந்துதான் பால். ஆட்டுக்காரம்மாவுக்கு நரை விழுந்து ரொம்ப நாளாகிறது. அண்ணன் இன்னும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு இவர், இவருக்கு அவர். வேறு நாதி கிடையாது. மில்லுக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒரு தகரக் கதவு உண்டு. அது சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஆடுகளுக்குத்தான் ஒருநாள் கழிசல் வந்தது. புழுக்கை புழுக்கையாகப் போட்டுக்கொண்டிருந்த ஆடுகள் தரையெல்லாம் மெழுகிவைத்தன. பால் பாதியாகக் குறைந்தது. தொட்டி மேல் ஏறி நின்று மற்ற ஆடுகளை மேய்ப்பதுபோல் பார்க்கும் ஒரு வெள்ளை ஆட்டுக்கு ‘மேனேஜர்’ என்று பேர். அதுவே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாகப் படுத்துவிட்டது. ஆட்டுக்காரம்மா பதறிப்போய் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினார்.

என் மனைவி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். ஆட்டுக்கு வழக்கமாக வரும் புழுக்களின் முட்டை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. அது எந்த ஆட்டிலும் இருப்பதுதான். ஆனால் கூடவே அவள் ஆட்டில் இதுவரை பார்த்திராத வேறொரு முட்டை ஏராளமாகக் கிடந்தது. நாடாப்புழு முட்டை என்பது தெரிந்தது. ஆட்டு நாடாப்புழுவின் முட்டை மூன்று மூலை, நான்கு மூலை என்று கோணலாக இருக்கும். இதுவோ உருண்டை. கனமான தோல், உள்ளே ஆறு சின்னக் கொக்கி. படிக்கிற காலத்தில் எலியின் குடலில் பார்த்த முட்டை. சந்தேகமே இல்லை.

டாக்டரம்மா தடுப்பூசி முகாமுக்கு வெளியே போயிருந்தார், வரப் பத்து நாளாவது ஆகும். அவர் வரட்டும் என்று இவள் சொல்லித்தான் பார்த்தாள். ஆட்டுக்காரம்மா ஒற்றைக் காலில் நின்றார். "நீ பார்த்ததை எழுதிக் குடும்மா. பார்த்ததைத்தானே கேக்கறேன்?"

பார்த்ததை எழுதினாள். ‘எலி நாடாப்புழு முட்டை: உண்டு.’

அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக்காரம்மா நேராக மில்லுக்குள் நுழைந்தார். அன்றைக்கு மாவரைக்கப் போயிருந்த நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணே, உன் எலி என் ஆட்டு வயித்துல புழு வெச்சிருச்சு. இந்தா, லேப்லயே எழுதிக் குடுத்துட்டாங்க!"

"என் எலியா? எலிக்கு நான் என்ன பட்டாவா போட்டுக் குடுத்திருக்கேன்?"

"உன் மில்லுல இருக்கற எலி உன் எலிதானே? எத்தனை தடவை சொன்னேன், பொறி வை, ஓட்டையை அடைன்னு! சிரிச்சே மழுப்பினே. இப்ப என் மேனேஜர் சாகக் கிடக்கு."

"பாப்பா, நான் சொல்றதைக் கேளு..."

"ஒண்ணும் கேக்க வேண்டாம். எலி இருக்கற மில்லும் என் ஆடும் ஒரே இடத்துல இருக்க முடியாது. ஒண்ணு நீ இரு, இல்ல நான் இருக்கேன்."

தகரக் கதவு படாரென்று சாத்தப்பட்டது. அந்தப் பக்கம் தாழ் போடும் சத்தம் மில் இரைச்சலையும் மீறிக் கேட்டது. மில்காரர் முகத்தில் ஈயாடவில்லை. என் மாவை ரெண்டு தடவை அரைத்துக் கொடுத்துவிட்டார்.

நான் வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. "அண்ணன் தங்கச்சி சண்டை எத்தனை நாளைக்கு? ரெண்டு நாள்ல சரியாயிரும்," என்றாள். சரியாகவில்லை. ஆட்டுக்காரம்மா தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகவே போய்வந்தார். மில்காரர் மதியச் சாப்பாட்டுக்குத் தங்கை கதவைத் தட்டுவாள் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, வெறும் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றார்.

அந்த வாரக் கடைசியில் அவர் என் கடைக்கு வந்தார்.

"தம்பி, ஒரு போர்டு எழுதணும்."

"மில் போர்டு பெயின்ட் போயிருச்சா அண்ணே?"

"அது இல்ல. ‘இந்த மில் விற்பனைக்கு’ன்னு எழுதணும். பெரிய எழுத்தா."

நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். "ஏன் அண்ணே?"

"அவ ஆட்டைத் தூக்கிட்டு எங்கே போவா? நான்னா எங்கேயாவது போய் யார் மில்லுலயாவது வேலை செஞ்சுக்குவேன். ஆடு பொழைக்கணும். அதுங்க பொழைச்சாத்தான் அவ பொழைப்பா." அதைச் சொல்லிவிட்டு மாவு படிந்த கையால் கண்ணைத் துடைத்தார். கண்ணைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெள்ளையானது.

எழுத மாட்டேன் என்று சொன்னால் வேறு ஆளிடம் போய்விடுவார். அதனால் எழுதுகிறேன் என்றேன். அன்று முதல் அந்தப் போர்டை ஆறப் போட்டேன். முதல் நாள் பலகை ஈரம் என்றேன். மறுநாள் சிவப்பு பெயின்ட் தீர்ந்துவிட்டது என்றேன். அதற்கடுத்து ‘விற்பனை’க்கு ஒரு ‘ப்’ போடணுமா வேண்டாமா என்று சந்தேகமாக இருக்கிறது, பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்றேன். மனிதர் எதையும் நம்புகிற ஜாதி. "பொறுமையாவே எழுது தம்பி, தப்பு வந்துரக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைக் கேட்டதும் என் மனைவி சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தாள். "நான் எழுதின ஒரு சொல்லு, ஒரு மனுஷரை மில்லை விட்டே தொரத்துது," என்றாள். முட்டையைப் பற்றிப் பேசாமல் அவள் சாப்பாட்டை விட்டு எழுந்தது எனக்குத் தெரிந்து அன்று ஒருநாள்தான். எனக்கு என்னவோ போலிருந்தது.

மறுநாள் காலையில் டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே ஆட்டுக் கொட்டகைக்குப் போனாள். போனவளுக்கு ஆச்சரியம். ஆடுகள் எல்லாம் திண்ணென்று நின்றன. கழிசல் நின்றுவிட்டது. தரையில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை. மேனேஜர் பழையபடி தொட்டி மேல் ஏறி நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டுக்காரம்மா ஜெயித்த முகத்தோடு வந்தார். "பார்த்தியா? கதவைச் சாத்தினேன், ஆடு தேறிருச்சு. எலிதான் காரணம்னு இப்பவாவது தெரியுதா?"

"புழு மருந்து என்ன குடுத்தீங்க?"

"எங்கே குடுத்தேன்? டாக்டரம்மா வரட்டும்னு விட்டுட்டேன்."

"ஒண்ணுமே குடுக்கலையா?"

"தழை, தண்ணி. அவ்வளவுதான்."

என் மனைவி அந்த மேனேஜரிடமிருந்தே, தரையில் விழுவதற்கு முன்பே, கையுறை போட்டுக்கொண்டு கொஞ்சம் எடுத்து வந்தாள். மேனேஜருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும், ஒரு உதை கொடுத்தது. ஆய்வகத்தில் சில்லை மாற்றி மாற்றிப் பார்த்தாள். எலி நாடாப்புழு முட்டை ஒன்றுகூட இல்லை. இன்னொரு ஆட்டுடையதையும் பார்த்தாள். அதிலும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ரெண்டு அறிக்கைகளின் நகலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் டீ போட்டேன். எந்த வடிகட்டி என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"மருந்தே குடுக்காம நாடாப்புழு எப்படிங்க போகும்? அது குடலை உறிஞ்சிப் பிடிச்சுத் தொங்கற ஜாதி. கதவைச் சாத்தினதுக்குக் கோவிச்சுக்கிட்டா போயிருக்கும்?"

அவளைச் சிரிக்க வைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அந்த முதல் சீட்டை எடுத்து, மேடையில் பேசுகிறவன் மாதிரி படித்தேன். "எலி நாடாப்புழு முட்டை... உண்டு! என்னம்மா இது? டீக்கடை போர்டுல ‘சூடான டீ உண்டு’ன்னு எழுதுவேனே, அந்த உண்டா? இல்ல, விருந்துல வயிறார உண்டு வந்தான்னு சொல்லுவாங்களே, அந்த உண்டா? எலி முட்டை உண்டு களைத்த ஆடுன்னு..."

அவள் கையிலிருந்த டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

"ஏங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் இன்னொரு தடவை கேட்டதில்லை. எனக்கே பயமாகிவிட்டது. "எதை? டீ உண்டு..."

"அது இல்ல. உண்டு களைத்த ஆடு." எழுந்து நின்றுவிட்டாள். "உள்ளே இருக்குன்னு நெனைச்சு எழுதிட்டேன். ஆடு அதைத் தின்னிருக்கும்! புழு ஆட்டுக்குள்ள குடியிருக்கவே இல்ல. முட்டை வாய் வழியா போச்சு, பின்னால வழியா வந்துருச்சு. நடுவுல ஒண்ணும் நடக்கலை!"

"அப்ப நீ எழுதினது சரிதானே?" என்றேன். "உண்டுன்னா உண்டுதான்."

"சும்மா இருங்க," என்றாள். ஆனால் சிரித்தாள். எனக்கு அது போதும்.

டாக்டரம்மா முகாமிலிருந்து திரும்பியதும் இவள் முதல் வேலையாக அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள், டாக்டர் வரும் முன்பே அறிக்கை கொடுத்தது உட்பட. அவர் திட்டவில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ நெனைக்கறது சரிதான். எலி வயித்துப் புழு எல்லாம் ஆட்டு வயித்துல பொழைக்காதும்மா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வீடு. இந்த நாடாப்புழு இருக்கே, இதோட முட்டைய நேரா தின்னா எலிக்கே ஒண்ணும் ஆகாது. மாவுல ஊருமே வண்டு, அது முதல்ல முட்டையத் தின்னணும். அந்த வண்டை எலி தின்னணும். அப்பதான் புழு வளரும். ஆட்டுக்கு அது வெறும் வழிப்போக்கன். அதுக்காக எலிய மடியில வெச்சுக் கொஞ்சச் சொல்லலை. செத்த எலியத் தின்னற பன்னிக்கு வேற புழு வரும். எலி மூத்திரத்தால மாட்டுக்கும் ஆட்டுக்கும் காய்ச்சல் வரும். எல்லாத்தையும் ஒரே தட்டுல போட்டு நிறுக்க முடியாது."

"அப்ப கழிசல்?"

"அதுக்கும் இந்த முட்டைக்கும் சம்பந்தம் இல்ல. இவ்வளவு முட்டை உள்ளே போகணும்னா ஏதோ தீவனத்துலதான் போயிருக்கணும். அந்தத் தீவனம் என்னன்னு கண்டுபிடி. கழிசலும் அதுலயே இருக்கும்."

இப்போது அவள் அறிக்கையில் ‘உண்டு’, ‘இல்லை’யோடு மூன்றாவதாக ‘வழிப்போக்கு’ என்று ஒன்று இருக்கிறது. டாக்டரம்மாவே சேர்க்கச் சொன்னது. படிக்கிறவர்கள் யாருக்கும் புரிவதில்லை. புரியாததால் என்ன என்று கேட்கிறார்கள், இவள் விளக்குகிறாள். கேட்க வைப்பதற்காகவே போட்டது என்கிறாள். அந்தச் சொல்லை எழுதுகிற நாளெல்லாம் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். பழைய கட்சியை அவள் எப்போது விட்டாள் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

டாக்டரம்மா திரும்பிய அன்று மத்தியானம் நாங்கள் ரெண்டு பேரும் மில்லுக்குப் போனோம். போர்டுக்கு அளவெடுக்க வந்ததாக நான் சாக்குச் சொன்னேன். மில் ஓடிக்கொண்டிருந்தது, ரெண்டு மூன்று பேர் டப்பாவோடு நின்றிருந்தார்கள். மில்காரர் ஒரு கையால் மாவைத் தள்ளிக்கொண்டே எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

என் மனைவி அந்த இடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். சாத்திய தகரக் கதவின் இந்தப் பக்கம், சுவரோரமாக, வாய் கட்டிய சாக்கு மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"இது என்னங்க அண்ணே, அரைக்க வந்ததா?" இரைச்சலில் கத்திக் கேட்டாள்.

"இல்லம்மா. கூட்டின மாவு. தினம் சாயங்காலம் கீழே சிந்தறதைக் கூட்டி ஆட்டுக்குக் குடுப்பேன். ஒரு சாக்கு நிறையவே குடுப்பேன். பாவம், அதுங்க ஆசையா தின்னும். இந்த மாசம் ஏதோ நல்ல ஓட்டம், மாவு நெறைய சிந்துச்சு. அதனால கூடவே குடுத்தேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, கையோடு கொண்டு வந்திருந்த சல்லடையில் ரெண்டு கை மாவைப் போட்டுச் சலித்தாள். மாவு கீழே இறங்க, மேலே நீளநீளமாய்க் கறுப்பாய் எலிப் புழுக்கை நின்றது. நாலைந்து வண்டும் காலை உதைத்துக்கொண்டிருந்தன. ஒரு பிடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள். நான் மில்லிலேயே காத்திருந்தேன். பலகையை மில்லின் முன்சுவரில் வைத்து அளப்பதும், அளந்ததை மறப்பதுமாகப் பொழுது போனது.

திரும்பி வரும்போது அவள் தனியாக வரவில்லை. தெருவைச் சுற்றி, ஆட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்து, ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தாள். ஆட்டுக்காரம்மா மில் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வர மாட்டேன் என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். அண்ணனைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

என் மனைவி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். எலிப்புழு ஆட்டு வயிற்றில் தங்கவே தங்காது. முட்டை இந்தக் கூட்டின மாவில் இருந்த எலிப் புழுக்கையோடு உள்ளே போய் அப்படியே வெளியே வந்தது. கழிசலுக்குக் காரணம் எலியும் இல்லை, புழுவும் இல்லை. தழை தின்கிற வயிற்றில் சாக்கு சாக்காக மாவைக் கொட்டினால் வயிறு புளித்துப் போய்க் கெடும், டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். கதவைச் சாத்தியதால் மாவு நின்றது, மாவு நின்றதால் ஆடு தேறியது. "நான் எழுதின சொல்லு உங்களைத் தப்பா நெனைக்க வெச்சிருச்சு. அதுக்கு மன்னிச்சுக்கங்க," என்று முடித்தாள்.

கூரையிலிருந்து இறங்கிய ஆட்டுக்காரம்மாவின் பார்வை அந்த மூட்டைகளில் நின்றது. மெதுவாக உள்ளே வந்து, மேல் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்தனை மூட்டை யாருக்கு?"

"உன் ஆட்டுக்குத்தான்," என்றார் மில்காரர். "நீ கதவைச் சாத்திட்டே. கீழே சிந்தறது சிந்திக்கிட்டுத்தானே இருக்கு? கூட்டிக் கட்டி வெச்சேன்."

"நான்தான் உன்கிட்ட பேசவே இல்லையே?"

"ஆடு என்கிட்ட சண்டை போடலையே."

ஆட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழப் போகிறார் என்று நினைத்தேன். என் மனைவியும் அப்படித்தான் நினைத்து, ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"போர்டு வேண்டாம் தம்பி," என்றார் மில்காரர் என் பக்கம் திரும்பி.

"என்ன போர்டு?" என்றார் ஆட்டுக்காரம்மா.

நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. என் மனைவி சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். ஆட்டுக்காரம்மாவின் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது.

"மில்லை விக்கறியா? யாரைக் கேட்டு? ஏதோ கோவத்துல ரெண்டு வார்த்தை சொன்னா பெட்டியைக் கட்டிருவியா? மூளை இருக்கா? அறிவு கெட்டத்தனமா மாவைக் கொட்டிக் கொட்டி என் ஆட்டைப் பாதியாக்கினதும் நீ, அப்புறம் தியாகி மாதிரி கிளம்பறதும் நீ! இத்தனை நாளா மத்தியானம் என்ன தின்னே? அந்தக் காஞ்ச ரொட்டியைத்தானே? நான் பார்க்கலைன்னு நெனைச்சியா? கதவு ஓட்டை வழியா தினம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்..."

இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மில்காரர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "என்ன பாப்பா? கடைசியா என்ன சொன்னே?" என்றார். அந்த அம்மா உதட்டை அசைத்தது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அவர் நடந்து போய் சுவிட்சை அணைத்தார். பெல்ட் தளர்ந்து, சக்கரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

வரிசையில் நின்ற ஒருவர் டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "என்னங்க, பாதியில நிறுத்திட்டீங்க? என் கோதுமை உள்ளே கிடக்கு."

"கொஞ்சம் இருங்க," என்றார் மில்காரர், தங்கை முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "என் தங்கச்சி திட்டறா. முடிச்சுக்கட்டும்."